குறைந்த விலை டிவி, கண்ணுக்கு நிறைவான படம்: மட்டக்களப்பு வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பொங்கலன்று ஆரையம்பதியில் மாமி வீட்டுக்குப் போனபோது ஷோகேஸின் மேல் புது டிவி ஒன்று நின்றது. 43 அங்குலம், மகன் தவணைக்கு எடுத்துக் கொடுத்தது. மாமிக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் சாப்பாடு முடிந்ததும் கேட்டார்: "மகன், இவங்கட முகமெல்லாம் ஏன் இப்பிடி வெளிறிக் கிடக்கு?"

கிட்டப் போய்ப் பார்த்தேன். நாடகத்தில் அழுதுகொண்டிருந்த பெண்ணின் முகத்தில் நீலம் பாய்ந்திருந்தது. மூக்கையும் தாடையையும் சுற்றி யாரோ வெள்ளைப் பென்சிலால் கோடு இழுத்தது மாதிரி ஒரு விளிம்பு. கீழே ஓடும் செய்தி வரியில் பாதி எழுத்து திரைக்கு வெளியே போயிருந்தது. டிவியின் பின்னால் கையை விட்டால், டிஷ் பெட்டியிலிருந்து வந்த மஞ்சள், சிவப்பு, வெள்ளை மூன்று தலை வயர் தட்டுப்பட்டது.

அரை மணித்தியால வேலை. ஒரு எச்டிஎம்ஐ கேபிள், ரிமோட்டில் ஆறேழு மாற்றம். அதே டிவி, அதே நாடகம். மாமி கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு சொந்தக்காரர், அயலவர் என்று பல வீட்டு டிவிகளைத் தொட்டிருக்கிறேன். குறைந்த விலை டிவியின் படம் பாதி கடையிலும் பாதி வீட்டிலும் தீர்மானமாகிறது. கடையில் விட்ட பிழையைப் பிறகு திருத்த முடியாது. வீட்டில் விட்ட பிழையைக் காசில்லாமல் திருத்தலாம். அதனால் இரண்டையும் வரிசையாக எழுதுகிறேன்.

டேப்பை எடுங்கள்

கடைக்குப் போக முதல் செய்ய வேண்டியது இது. நீங்கள் வழமையாக உட்காரும் கதிரையிலிருந்து டிவி வைக்கப்போகும் சுவர் வரை அளந்து எழுதுங்கள். திரையின் மூலைவிட்ட அளவைப்போல 1.6 மடங்கிலிருந்து 2.5 மடங்கு வரை தூரம் இருந்தால் பார்ப்பதற்கு இதமாக இருக்கும். 32 அங்குலத்துக்கு அது நாலேகால் அடியிலிருந்து ஆறரை அடி. 43 அங்குலத்துக்கு ஆறடியிலிருந்து ஒன்பதடி. 55 அங்குலத்துக்கு ஏழரையிலிருந்து பதினொன்றரை அடி. நம்முடைய ஹோல்களில் கதிரைக்கும் சுவருக்கும் இடையே ஏழு, எட்டு அடிதான் பெரும்பாலும் வரும். அதனால்தான் யார் கேட்டாலும் முதலில் 43 என்று சொல்கிறேன்.

இன்னொரு கேள்விக்கும் இப்போதே பதில் வைத்துக்கொள்ளுங்கள்: வீட்டில் அதிகம் பார்ப்பது எது? டிஷ்ஷில் வரும் தமிழ்ச் சேனல்கள் பல இன்னும் பழைய சாதாரணத் தரத்தில், 576 வரிகளில்தான் வருகின்றன. அந்தப் படத்தை 55 அங்குலத்துக்கு இழுத்தால் துணி நைந்தது மாதிரித் தெரியும். 43 இல் அவ்வளவு தெரியாது. அம்மாவுக்கு நாடகமும் செய்தியும்தான் என்றால் பெரிய திரைக்குப் போடும் காசு படத்தைக் கெடுக்கத்தான் உதவும். யூடியூப்பும் கிரிக்கெட்டும் புதுப் படங்களும்தான் என்றால் பெரிய திரைக்குப் பொருள் உண்டு.

மேசையையும் அளக்க மறக்கவேண்டாம். 43 அங்குல டிவியின் அகலம் கிட்டத்தட்ட 96 சென்ரிமீற்றர். மலிவான மாடல்களுக்குக் கால் நடுவில் இருக்காது, இரண்டு அந்தத்திலும் இருக்கும். பழைய பெட்டி டிவிக்குச் செய்வித்த ஷோகேஸ் தட்டில் அந்தக் கால்கள் நிற்காது. இதைக் கவனிக்காமல் வாங்கி, பலகை போட்டு முட்டுக்கொடுத்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

பெட்டியில் ஒட்டியிருப்பவை

கடையில் டிவியின் மூலையில் ஏழெட்டு ஸ்டிக்கர் இருக்கும். அதில் என்னென்னத்துக்கு மதிப்புக் கொடுக்கலாம் என்று பார்ப்போம்.

எல்இடி டிவி என்பது எல்சிடி திரைக்குப் பின்னால் எல்இடி விளக்கு வைத்தது. கியூஎல்இடி என்பதும் அதே எல்சிடிதான். விளக்குக்கும் திரைக்கும் இடையில் நிறத்தைச் சுத்தமாக்கும் ஒரு மெல்லிய படலம் கூடுதலாக இருக்கும். நிறம் கொஞ்சம் கூடும், கறுப்பு அதனால் கறுப்பாகாது.

எச்டிஆர் (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் கூடுதல் வித்தியாசம் காட்டும் படவகை) என்று எழுதியிருந்தால், அந்த வகைப் படத்தை டிவி ஏற்றுக்கொள்ளும் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எச்டிஆர் படம் உண்மையாகப் பளிச்சிட 600 நிட் (திரையின் வெளிச்சத்தை அளக்கும் அலகு) அல்லது அதற்கு மேல் வெளிச்சம் வேண்டும். குறைந்த விலை டிவிகள் 200 இலிருந்து 300 நிட்டுக்குள் நின்றுவிடும். இதற்காக ஒரு ரூபாயும் கூடக் கொடுக்கத் தேவையில்லை. 200 ஹெர்ட்ஸ், 800 என்று போடும் அசைவு எண்களும் அப்படித்தான். இந்த விலையில் கிடைக்கும் திரை வினாடிக்கு 50 அல்லது 60 தடவை மாறும் திரை.

கவனமாக இருக்கவேண்டிய ஸ்டிக்கர் 4கே. 32 அங்குல டிவியில் "4கே சப்போர்ட்" என்று இருந்தால், 4கே கோப்பைப் போட்டால் ஓடும் என்றுதான் பொருள். திரையில் இருப்பது பெரும்பாலும் 1366 × 768 புள்ளிகள். உண்மையான 4கே என்றால் விபரப் பட்டியலில் 3840 × 2160 என்று இருக்கவேண்டும். ஸ்டிக்கரை விட்டுவிட்டு அந்த எண்ணைத் தேடுங்கள்.

அதேநேரம் 4கே இல்லையே என்று கவலைப்படவும் வேண்டாம். 43 அங்குல ஃபுல் எச்டி (1920 × 1080 புள்ளிகள்) திரையில் ஒரு புள்ளி அரை மில்லிமீற்றர். ஐந்தரை அடிக்கு அப்பால் உட்கார்ந்தால் நல்ல கண்ணுக்கும் அந்தப் புள்ளிகள் தனித்தனியாகத் தெரியாது. எட்டடியில் உட்காருபவர் 4கேக்கும் ஃபுல் எச்டிக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம். 32 அங்குல சாதாரண எச்டியும் ஆறடிக்கு அப்பால் போதும்.

பென் டிரைவோடு போங்கள்

ஸ்டிக்கரில் எழுதாத ஒன்றுதான் படத்தை முடிவு செய்கிறது: திரையின் வகை. குறைந்த விலையில் இரண்டு வகை கிடைக்கும். விஏ திரையில் கறுப்பு நல்ல கறுப்பு. வெள்ளைக்கும் கறுப்புக்கும் வித்தியாசம் 3000க்கு 1, அதற்கு மேலும் இருக்கும். ஆனால் பக்கத்திலிருந்து பார்த்தால் நிறம் வெளிறும். ஐபிஎஸ் திரையில் அந்த வித்தியாசம் 1000க்கு 1 அளவில்தான். இரவுக் காட்சி சாம்பல் பூசியது மாதிரி இருக்கும். ஆனால் மூலையில் பாயில் படுத்திருப்பவருக்கும் நிறம் மாறாது. இருவர் மூவர் நேராக உட்கார்ந்து இரவில் பார்க்கும் வீட்டுக்கு விஏ. ஹோல் முழுக்க ஆள் சிதறி உட்காரும் வீட்டுக்கு ஐபிஎஸ். என்னைக் கேட்டால் விஏதான். நம் வீடுகளில் டிவி ஓடுவது பெரும்பாலும் இரவில்.

இதைக் கடைக்காரரிடம் கேட்டால் பலருக்குத் தெரியாது. அதனால் நீங்களே பார்க்கவேண்டும். கடையில் ஓடும் பளபளப்பான பூ, மீன், மலை வீடியோவில் எந்த டிவியும் நன்றாகத்தான் இருக்கும். உங்கள் பென் டிரைவில் இவற்றைப் போட்டுக்கொண்டு போங்கள்.

முதலாவது, உங்கள் அம்மாவையோ அக்காவையோ பகல் வெளிச்சத்தில் போனில் எடுத்த அரை நிமிட வீடியோ. இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியாது. நடிகையின் முகம் உண்மையில் என்ன நிறம் என்று நமக்குத் தெரியாது. மேக்கப்பும் விளக்கும் அதை மாற்றியிருக்கும். அம்மாவின் முகம் தெரியும். கன்னத்தில் எங்கே கறுத்திருக்கிறது, நெற்றியில் குங்குமம் எந்தச் சிவப்பு, எல்லாம் கண்ணுக்குப் பழகியது. திரையில் அது பிழைத்தால் அந்தக் கணமே தெரிந்துவிடும்.

இரண்டாவது, இரவில் எடுத்த ஒரு வீடியோ. கல்லடிப் பாலத்தில் நின்று வாவியைப் பார்த்து எடுத்தால் அருமையாக இருக்கும்: விளக்குகள், தண்ணீரில் அவற்றின் நெளியும் நிழல், சுற்றிவர இருட்டு. நல்ல திரையில் இருட்டுக்குள் தண்ணீரின் அசைவு தெரியும். மோசமான திரையில் எல்லாம் சாம்பல், அல்லது எல்லாம் ஒரே கறுப்புக் கட்டி.

மூன்றாவது, ஒரே நிறத்தில் முழுத்திரைப் படங்கள்: சாம்பல், வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம். சாம்பலில் மூலை இருண்டிருக்கிறதா, நடுவில் கறை மாதிரி இருக்கிறதா பாருங்கள். மற்ற நிறங்களில் செத்த புள்ளி ஏதும் இருந்தால் பொட்டாகத் தெரியும். கறுப்பில் ஓரங்களால் வெளிச்சம் கசிகிறதா என்று பார்க்க, கடைக்காரரிடம் ஒரு லைட்டை அணைக்கச் சொல்லுங்கள். கேட்க வெட்கப்படவேண்டாம், பல வருடம் பார்க்கப்போகும் பொருள்.

போன் வீடியோவை 1080 தரத்தில், எல்லாச் சாதனத்திலும் ஓடும் வகையில் எடுக்கும்படி போன் செட்டிங்கை மாற்றிவிட்டு எடுங்கள். புதுப் போன்களின் சுருக்கிய வகையைச் சில டிவிகள் திறக்காது.

முகம் ஓடும்போது டிவியின் நேரே நின்று பாருங்கள். பிறகு மெதுவாகப் பக்கவாட்டில் நான்கு எட்டு நடந்து பாருங்கள். முகம் வெளிறினால் விஏ. மாறாமல் நின்றால் ஐபிஎஸ். இறுதியாகக் குனிந்து, பாயில் உட்காரும் உயரத்திலிருந்தும் ஒருமுறை பாருங்கள். கீழிருந்து பார்க்கும்போது படம் நெகட்டிவ் மாதிரித் திரும்பினால் அது மிகப் பழைய மலிவு வகைத் திரை. அதை வாங்கவேண்டாம்.

ஸ்மார்ட் டிவி என்றால் இன்னொன்றும் பாருங்கள். டிவியைப் போடும்போது கூகுள் டிவி அல்லது ஆண்ட்ராய்ட் டிவி என்ற பெயர் வருகிறதா? யூடியூப் திறந்தால் ரிமோட் அம்புக்குறியால் நகர்கிறதா, அல்லது கம்ப்யூட்டர் மாதிரி ஒரு மவுஸ் முனை ஓடுகிறதா? மவுஸ் ஓடினால் அது போன் ஆண்ட்ராய்டைக் கொண்டுவந்து டிவியில் ஏற்றியது. அதில் நெட்ஃபிளிக்ஸ் திறக்காமலோ, திறந்தாலும் நல்ல தரத்தில் வராமலோ போகும். சாம்சங், எல்ஜி டிவிகளுக்குச் சொந்த மென்பொருள் இருக்கிறது. அதில் இந்தச் சிக்கல் இல்லை. அன்டெனாவிலேயே பார்க்கும் வீடு என்றால் அந்த அலையைப் பிடிக்கும் அனலாக் ட்யூனர் டிவிக்குள் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

காசு, பற்றுச்சீட்டு, வொறண்டி

தவணைக்கு எடுப்பதில் தப்பில்லை. ஆனால் மாதக் காசை மட்டும் கேட்டு முடிவு எடுக்காதீர்கள். கணக்கை அங்கேயே போனில் போடுங்கள். உதாரணத்துக்கு, கையில் காசு கொடுத்தால் 90,000 ரூபாய் என்று ஒரு டிவி. மாதம் 5,500 படி 24 மாதம் என்றால் 132,000. அந்த 42,000 வித்தியாசத்துக்கு ஒரு அளவு பெரிய டிவி வந்துவிடும், அல்லது அதே 5,500ஐ மாதாமாதம் சேர்த்தால் பதினேழு மாதத்தில் கையில் காசு கொடுத்தே வாங்கலாம். வட்டியில்லாக் கார்ட் தவணை என்றாலும் ஆரம்பத்தில் ஒரு கட்டணம் பிடிக்கிறார்களா என்று கேளுங்கள்.

வொறண்டியில் கேட்கவேண்டியது வருடக்கணக்கு மட்டுமல்ல. கம்பனி வொறண்டியா, கடை வொறண்டியா? திரைக்கும் அதே காலமா, அல்லது குறைவா? பழுதானால் மட்டக்களப்பிலேயே பார்ப்பார்களா, கொழும்புக்கு அனுப்பவேண்டுமா? அனுப்பும் செலவு யாருடையது? ஒருமுறை நான் மலிவென்று வாங்கிய டிவி ஒன்று ஏழாம் மாதம் நின்றுபோனது. கடை வொறண்டி ஆறு மாதம்தான் என்று அன்றைக்குத்தான் பற்றுச்சீட்டைத் திருப்பிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

பெட்டியைக் கடையிலேயே பிரித்து, போட்டுப் பார்த்து, டிவியின் பின்னால் உள்ள தொடர் இலக்கமும் பற்றுச்சீட்டில் எழுதியதும் ஒன்றா என்று பாருங்கள். பற்றுச்சீட்டு மை மங்கிப்போகும், போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். நியாயம் கிடைக்கவில்லை என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு எடுக்கலாம்.

கொண்டு வரும்போது ஆட்டோவில் படுக்கவைக்காதீர்கள். டிவி நின்றபடிதான் வரவேண்டும். படுத்த திரை ஒவ்வொரு குழியிலும் வளைந்து எழும்பும், அதில் வெடிக்கும். தூக்கும்போது இருவர் ஓரங்களைப் பிடியுங்கள். பெருவிரல் திரையில் பதியக்கூடாது.

எந்தச் சுவர்?

வாசலுக்கு நேர் எதிரே வைத்தால் முற்றத்து வெயில் முழுக்கத் திரையில் தெரியும். யன்னலுக்கு முன்னால் வைத்தால் பின்னால் வரும் வெளிச்சம் கண்ணைக் கூசி, படம் இருண்டு தெரியும். இரண்டும் வேண்டாம். யன்னல் திரைக்குப் பக்கவாட்டில் வரும் சுவரைத் தேடுங்கள். வாவிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள எழுவான்கரையில் காலை வெயில் கடல் பக்கத்து யன்னலால் நேராக உள்ளே விழும். ஞாயிறு காலையில் படம் பார்க்கும் வீடு என்றால் அந்த யன்னலுக்குத் தடித்த சீலை ஒன்று போட்டால் போதும். டிவியின் வெளிச்சத்தைக் கூட்டுவதைவிட அது நல்லது.

உயரம். பிளாஸ்டிக் கதிரையில் உட்காருபவரின் கண், நிலத்திலிருந்து மூன்றரை அடி. திரையின் நடு அந்த உயரத்துக்குக் கிட்ட வரவேண்டும். பல வீடுகளில் சுவாமிப் படத்துக்குப் பக்கத்தில், ஏழடி உயரத்தில் ஆணி அடித்து மாட்டுகிறார்கள். கழுத்து நோவும், விஏ திரை என்றால் நிறமும் வெளிறும். சின்னப் பிள்ளைகள் தொடுவார்கள் என்பதற்காக உயர்த்தவேண்டியிருந்தால், மேற்பக்கம் முன்னுக்குச் சரியும் பிராக்கெட் ஒன்று வாங்கி, திரையை உங்களை நோக்கிச் சரித்துவிடுங்கள்.

பின்னால் நான்கு விரல் இடம் விடுங்கள், சூடு போகவேண்டும்.

வயர்

மாமி வீட்டில் கண்ட மூன்று தலை வயருக்கு வருவோம். மஞ்சள் தலைதான் படம் கொண்டுவருவது. நிறமும் வெளிச்சமும் எல்லாம் ஒரே கம்பியில் கலந்து வரும். டிவி அதைத் திரும்பப் பிரிக்கும்போது விளிம்பு கலங்கும், சிவப்பு பக்கத்துக்குக் கசியும். எச்டிஎம்ஐயில் படம் எண்களாக வருகிறது, கலங்க வழியில்லை. டிஷ் பெட்டியின் பின்னால் எச்டிஎம்ஐ துளை இருந்தால் (பெரும்பாலான பெட்டிகளில் இருக்கிறது) ஒரு சாதாரண கேபிள் வாங்கிப் போடுங்கள். விலை கூடிய கேபிள் தேவையில்லை. ஒன்றரை மீற்றர் நீளத்துக்கு எல்லாம் ஒன்றுதான்.

கேபிளை மாற்றினால் மட்டும் போதாது. டிஷ் பெட்டியின் சொந்த செட்டிங்கிற்குள் போய், வெளியீட்டை 1080 என்றும், வடிவத்தை 16:9 என்றும் வையுங்கள். பல பெட்டிகள் பழைய 576 இலேயே நிற்கும்.

மாரி மழையில் படம் கட்டம் கட்டமாக உடைந்தால் டிவியைச் சந்தேகிக்கவேண்டாம். பலத்த மழை டிஷ் அலையை மறிக்கிறது. மழை விட்ட பிறகும் உடைந்தால், கூரையில் டிஷ்ஷின் வயர் மூட்டைப் பாருங்கள். கடல் காற்றில் அந்தப் பித்தளைத் தலை பச்சை பூத்திருக்கும். வெட்டிப் புதுத் தலை போட்டு, ரப்பர் டேப் சுற்றினால் சரி.

ரிமோட்டை எடுங்கள்

இனித்தான் முக்கியமான வேலை. முதல் தரம் டிவியைப் போடும்போது வீடா, கடையா என்று கேட்கும். வீடு என்பதைத் தெரிவு செய்யுங்கள். கடை என்று கொடுத்தால் டிவி கண்காட்சிக்கான அதிக வெளிச்சத்தில் நிற்கும். நீங்கள் என்ன மாற்றினாலும் சிறிது நேரத்தில் பழையபடி திரும்பிவிடும். ஏற்கெனவே வாங்கிய டிவி இப்படி அடம்பிடித்தால், முழு ரீசெட் கொடுத்து இந்தக் கேள்விக்குத் திரும்பவும் பதில் சொல்லுங்கள்.

பிறகு பிக்சர் மோட். விவிட், டைனமிக் என்று இருந்தால் அங்கிருந்து வெளியே வாருங்கள். மூவி, சினிமா, ஃபிலிம்மேக்கர், இவற்றில் எது இருக்கிறதோ அதைப் போடுங்கள். உடனே திரை மஞ்சள் பூசியது மாதிரி இருக்கும். பயப்படாதீர்கள். படம் எடுப்பவர்கள் வெள்ளை என்று வைத்திருக்கும் நிறம் 6500 கெல்வின், அது கொஞ்சம் இளஞ்சூடானது. டிவிகள் கடையில் பளிச்சென்று தெரிய நீலத்தைக் கூட்டி அனுப்பப்படுகின்றன, நம் கண் அந்த நீலத்துக்குப் பழகிவிட்டது. நிறச்சூடு என்ற இடத்தில் வோர்ம் என்று வைத்து மூன்று நாள் பாருங்கள். நாலாம் நாள் பழையதைப் போட்டுப் பார்த்தால் நீலம் அப்படியே கண்ணில் அடிக்கும். மாமி வீட்டில் முகம் வெளிறிக் கிடந்ததற்குப் பாதிக் காரணம் இதுதான்.

பேக்லைட் என்பதுதான் திரைக்குப் பின்னால் எரியும் விளக்கு. பகலில் தேவையான அளவு கூட்டுங்கள், இரவில் பாதிக்குக் குறையுங்கள். கண்ணுக்கும் சுகம், மின்கட்டணமும் குறையும், விளக்கின் ஆயுளும் கூடும். மலிவான டிவிகளில் முதலில் போகும் பாகம் இந்த விளக்குப் பட்டிதான். எப்போதும் 100 இல் வைத்து எரித்தால் விரைவாகப் போகும்.

பிரைட்னஸ் என்ற பெயர் ஏமாற்றும். பல டிவிகளில் அது வெளிச்சத்தை அல்ல, கறுப்பின் ஆழத்தை மாற்றுவது. பாலத்து இரவு வீடியோவைப் போடுங்கள். அறை லைட்டை அணையுங்கள். பிரைட்னஸைக் குறைத்துக்கொண்டே போனால் தண்ணீரின் நெளிவு இருட்டுக்குள் காணாமல் போகும். அங்கிருந்து ஒவ்வொரு படியாகக் கூட்டுங்கள். நெளிவு திரும்பத் தெரியும், ஆனால் வானம் இன்னும் சாம்பலாகவில்லை என்ற இடத்தில் நிறுத்துங்கள்.

கான்ட்ராஸ்ட் வெள்ளைக்கு. வெள்ளை வேட்டியோ பள்ளிச் சீருடையோ போட்ட ஒருவரின் படம் வேண்டும். கான்ட்ராஸ்ட் 100 இல் வேட்டி ஒரு வெள்ளைக் கடதாசி. குறைத்துக்கொண்டு வாருங்கள்; 90, 85, எங்கேயோ ஓரிடத்தில் மடிப்புகள் ஒவ்வொன்றாக எழுந்து வரும். அங்கே விடுங்கள்.

ஷார்ப்னஸைக் கூட்டினால் படம் தெளிவாகும் என்று நினைத்துத்தான் எல்லோரும் கூட்டுகிறார்கள். அது தெளிவைக் கூட்டாது, விளிம்பைச் சுற்றி வெள்ளைக் கோடு இழுக்கும். அந்த நாடகப் பெண்ணின் மூக்கைச் சுற்றி இருந்தது அதுதான். செய்தி ஓடும் எழுத்துகளைக் கிட்ட நின்று பாருங்கள், எழுத்துக்கு நிழல் மாதிரி ஒரு வெள்ளை விளிம்பு இருக்கும். அது மறையும்வரை குறையுங்கள். சில டிவிகளில் 0, சிலவற்றில் 10, 20. சோனி மாதிரிச் சிலவற்றில் நடு எண்ணான 50தான் கூட்டாமல் குறைக்காமல் விடும் இடம்.

நிறத்தின் அளவுக்கு அம்மாவின் வீடியோ. குங்குமம் குங்குமமாக, வாழையிலை வாழையிலையாக இருக்கவேண்டும். கன்னம் தக்காளியாகக் கூடாது. பெரும்பாலும் 45 இலிருந்து 55க்குள் முடிந்துவிடும்.

டைனமிக் கான்ட்ராஸ்ட், கலர் பூஸ்ட், நொய்ஸ் ரிடக்ஷன் எல்லாவற்றையும் அணையுங்கள். சாதாரணத் தரச் சேனல் அதிகம் பார்த்தால் நொய்ஸ் ரிடக்ஷனை மட்டும் குறைந்த அளவில் விடலாம். அசைவை வழுவழுப்பாக்கும் வசதி இருந்தால் படத்துக்கு அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் சினிமா நாடகம் மாதிரித் தெரியும். கிரிக்கெட்டுக்கு வேண்டுமென்றால் குறைந்த அளவில் போடுங்கள்.

திரைக்கு வெளியே வெட்டுப்படும் எழுத்துக்குக் காரணம், டிவி படத்தைக் கொஞ்சம் பெருப்பித்து ஓரத்தை வெட்டுவது. எல்ஜியில் ஜஸ்ட் ஸ்கேன், சாம்சங்கில் ஃபிட் டு ஸ்கிரீன், சோனியில் ஃபுல் பிக்சல் என்று பெயர். அதைப் போட்டதும் எழுத்து முழுதாக வரும், படமும் கூர்மையாகும். பழைய சிவாஜி படங்களுக்கு இரு பக்கமும் கறுப்பு வந்தால் அப்படியே விடுங்கள். இழுத்து நிரப்பினால் சிவாஜியின் முகம் பெருத்துவிடும்.

ஒன்று கவனியுங்கள்: பல டிவிகள் ஒவ்வொரு எச்டிஎம்ஐ துளைக்கும், யூஎஸ்பிக்கும், யூடியூப்புக்கும் தனித்தனியாக செட்டிங்ஸ் வைத்திருக்கும். "எல்லாவற்றுக்கும்" என்ற தெரிவு இருந்தால் அதை அழுத்துங்கள். முடிந்ததும் அந்தப் பக்கங்களைப் போனில் படம் எடுத்துவையுங்கள். பேரப்பிள்ளைகள் ரிமோட்டில் விளையாடிய பிறகு தேவைப்படும்.

நெட்

நெட்ஃபிளிக்ஸ் ஃபுல் எச்டிக்கு 5 மெகாபிட்டும் 4கேக்கு 15 மெகாபிட்டும் வேகம் கேட்கிறது. டேட்டா கணக்கில் எச்டி ஒரு மணித்தியாலத்துக்கு 3 ஜிபி வரை, 4கே 7 ஜிபி வரை போகும். ஃபைபர் வந்த வீடுகளுக்குக் கவலையில்லை. வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் 4ஜி ரௌட்டரில் பார்ப்பவர்கள், 4கேயைத் துரத்தாமல் யூடியூப்பில் தரத்தை 1080 என்று நிறுத்திவையுங்கள். தானியங்கியில் விட்டால் சிக்னல் ஆடும்போதெல்லாம் படம் மங்கித் தெளியும். ரௌட்டரை யன்னலோரம் வைத்து, முடிந்தால் லேன் வயரால் டிவிக்குக் கொடுங்கள்.

இடி, உப்பு, பல்லி

நம் ஊரில் டிவியைக் கொல்வது பெரும்பாலும் மின்னல்தான். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரத்து இடி தொடங்கினால் பிளக்கைக் கழற்றுங்கள். சுவிட்சை அணைப்பது போதாது. டிஷ் வயர், அன்டெனா வயர், லேன் வயர் எல்லாவற்றையும் கழற்றவேண்டும். பிளக்கை மட்டும் கழற்றி டிஷ் வயரை விட்டதால் எச்டிஎம்ஐ துளை எரிந்த டிவியைப் பார்த்திருக்கிறேன். டிவி கார்ட் (மின்சாரம் திடீரென்று ஏறும்போது டிவியைக் காக்கும் சிறு பெட்டி) வாங்கிப் போடுவது நல்லது, ஆனால் வீட்டுக்கு ஒழுங்கான எர்த் இல்லாவிட்டால் அதற்கு வேலை இல்லை. வயரிங் செய்பவரிடம் எர்த்தை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

நாவலடி, கல்லடி, காத்தான்குடி, அங்கால் கல்முனை, திருக்கோவில் வரை கடலோரத்து வீடுகளில் உப்புக் காற்று போர்டில் படிந்து அரிக்கும். கடல் பக்க யன்னலுக்கு நேரே டிவியை வைக்கவேண்டாம். மாரியில் பல நாள் அணைத்தபடி விடாமல் தினமும் கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள், உள்ளே ஈரம் தங்காது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் புழுதி துவாரங்களை அடைக்கும். காய்ந்த தூரிகையால் தட்டிவிடுங்கள். பின்பக்கத் துவாரம் வழியாகப் பல்லி போய் போர்டில் சுடுபட்டுக் கிடப்பதும் வழமை. சுவருக்கும் டிவிக்கும் இடையில் ஒட்டடை சேரவிடாமல் வைத்தால் பல்லிக்கு அங்கே இரை குறையும்.

திரையைத் துடைக்கக் காய்ந்த மைக்ரோஃபைபர் துணி மட்டும். தண்ணீர் தெளிக்கவேண்டாம், ஸ்பிரிட் தொடவே வேண்டாம்.

ஒருநாள் சத்தம் வந்து படம் மட்டும் வராமல் போனால், உடனே டிவி செத்துவிட்டது என்று எண்ணாதீர்கள். அறையை இருட்டாக்கி, போன் டார்ச்சைத் திரைக்குக் கிட்டச் சரித்துப் பிடித்துப் பாருங்கள். உள்ளே மங்கலாக ஆட்கள் அசைவது தெரிந்தால் திரை நல்லாக இருக்கிறது, பின்விளக்குப் பக்கம்தான் பழுது. பழுது பார்ப்பவரிடம் கொடுக்கும்போது, டார்ச்சில் படம் தெரிகிறது என்று சொல்லி, பேக்லைட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். எல்இடி பட்டிகளை மாற்றும் செலவு, திரை மாற்றும் செலவில் சின்னப் பங்குதான். மாற்றும்போது எல்லாப் பட்டிகளையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் மற்றது சில மாதத்தில் போகும், திரும்பவும் திரையைக் கழற்றவேண்டி வரும்.